தொடர்வழியில் தமிழ்: தந்திக் கம்பியிலிருந்து மெய்நிகர்த் துறை வரை

கணினிக்கும் அதனோடு இணையும் கருவிக்கும் இடையே, ஒற்றைத் தடத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் குறிகளைக் கடத்தும் வாயிலைத் ‘தொடர் துறை’ என்கிறோம். கிள்ளான் துறைமுகத்தை அறிந்த மலேசியத் தமிழர்க்குத் ‘துறை’ புதிய சொல்லன்று. ‘தொடர்’ என்பதும் இலக்கணம் கற்றவர்க்குப் பழகிய சொல்லே. எழுத்தோடு எழுத்தும் சொல்லோடு சொல்லும் தொடரும்போது நேரும் மாற்றங்களுக்கு எழுத்ததிகாரத்தின் பெரும்பகுதியை ஒதுக்கியது தொல்காப்பியம். ஒன்றன்பின் ஒன்றாக வருவது எதுவாயினும் அதன் வரிசையை ஆராய்வது தமிழ் மரபுக்கு இயல்பு.

கம்பி எழுத்தைக் கடத்துவதில்லை. மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தையே கடத்துகிறது. இன்ன ஏற்ற இறக்கம் இன்ன எழுத்தைக் குறிக்கும் என்று இருமுனையில் உள்ளவர்களும் முன்கூட்டியே இசைந்திருந்தால்தான் மறுமுனையில் எழுத்துப் பிறக்கும். ஆகவே தொடர்வழியின் வரலாறு, எழுத்தைப் பற்றிய உடன்பாடுகளின் வரலாறாகவும் இருக்கிறது. அவ்வுடன்பாட்டில் தமிழ் எவ்வாறு இடம்பெற்றது, அதில் கோலாலம்பூருக்கும் கிள்ளான் பள்ளத்தாக்கிற்கும் உள்ள பங்கு யாது, கணினிக்குள்ளே மென்பொருளாகவே அமைந்துவிட்ட இன்றைய மெய்நிகர்த் தொடர் துறையில் அது எந்நிலையில் உள்ளது என்பவற்றை இங்கு ஆராய்கிறோம்.

இந்த ஆராய்ச்சிக்கு வகுப்பறையைச் சார்ந்த ஒரு தேவை உண்டு. நிரலாக்கம் பயிலும் மாணவர் ஒருவர் முனையத்தின் கறுப்புத் திரையில் முதன்முதலாகத் தமிழைத் தட்டிப் பார்க்கும்போது எழுத்துகள் விலகியும் சிதைந்தும் தோன்றக்கூடும். இவ்விடத்திற்குத் தமிழ் ஒவ்வாது போலும் என்று அவர் எண்ணிவிடுவது எளிது. அவ்வெண்ணம் பிழையானது. சிதைவு எங்கே நேர்கிறது என்பதை வரலாற்றின் துணையோடு திட்டமாகச் சுட்ட முடியும்.

இருப்புப்பாதையும் தட்டச்சுப் பொறியும்

கோலாலம்பூரையும் கிள்ளான் ஆற்றின் கரையிலிருந்த புக்கிட் கூடாவையும் இணைத்த இருப்புப்பாதை 1886இல் திறக்கப்பட்டது. செங்கற் சூளைகளால் பெயர்பெற்ற பிரிக்ஃபீல்ட்ஸ், இருப்புப்பாதைப் பணிமனைகளும் ஊழியர் குடியிருப்புகளும் அமைந்த இடமாக வளர்ந்தது. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எழுத்தர்களும் அங்கே வாழ்ந்தனர். இருப்புப்பாதையின் துணையாகச் சென்ற தந்திக் கம்பியும் ஒரு தொடர்வழியே. புள்ளியும் கோடுமாக ஒன்றன்பின் ஒன்றாகச் சென்ற மோர்ஸ் குறிகள் உரோமன் எழுத்துகளையே சுட்டின. தமிழ்ப் பெயரோ செய்தியோ அக்கம்பியில் ஏறவேண்டுமாயின் உரோமன் எழுத்துக்கு மாறியாக வேண்டும். அம்மாற்றத்தில் ல, ள, ழ வேறுபாடும் ந, ன, ண வேறுபாடும் குறில் நெடில் வேறுபாடும் கரைந்தன.

தமிழைத் தமிழாகவே பொறியில் ஏற்றிய முதற் பெருமுயற்சி தட்டச்சுப் பொறியில் நிகழ்ந்தது. அதற்கும் மலாயாவுக்கும் தொடர்பு உண்டு. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஆர். முத்தையா இளமையில் மலாயாவுக்கு வந்தார். பின்னர்ச் சிங்கப்பூரில் பணிபுரிந்தார். அவர் வகுத்த விசையமைப்பைக் கொண்ட ‘பிஜோ’ தட்டச்சுப் பொறி ஜெர்மனியில் உருவாயிற்று. தமிழ்த் தட்டச்சுப் பொறியின் நுட்பம் ‘நகரா விசை’ என்பதில் உள்ளது. புள்ளிக்கும் இகர, ஈகாரக் குறிகளுக்கும் உரிய விசையை அழுத்தினால் குறி தாளில் பதியும், தாள்தாங்கி நகராது. எழுத்தும் குறியும் ஒரே இடத்தில் விழும். புள்ளி தனி இடம் பெறும் எழுத்தன்று, மெய்யின் மேல் அமரும் குறி என்னும் இலக்கண அறிவை இரும்பிலேயே பொறித்துவைத்த அமைப்பு அது. இச்செய்தியை நினைவில் நிறுத்திக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். பின்னர் இதற்கு மீண்டும் வருவோம்.

ஏழு பிட்டுகளின் உலகம்

தந்தியை அடுத்துத் தொலைதட்டச்சு வந்தது. அதன் தொடக்கக் குறிமுறை ஐந்து பிட்டுகளால் ஆனது. 32 சேர்க்கைகளுக்கே அதில் இடம். 1963இல் அமெரிக்காவில் வரையறுக்கப்பட்ட ஆஸ்கி குறிமுறை ஏழு பிட்டுகளாக, 128 சேர்க்கைகளாக அதை விரித்தது. கருவிகளை இணைக்கும் கம்பிகளின் மின்னழுத்தத்தையும் ஒழுங்கையும் 1960இல் வெளிவந்த ஆர்எஸ்-232 தரம் வகுத்தது. 1978இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் வெளியிட்ட விடி100 முனையம், 24 வரிகளும் வரிக்கு 80 கட்டங்களும் கொண்ட திரையைப் பரவலாக்கியது. ஒரு கட்டத்திற்கு ஓர் எழுத்து, ஓர் எழுத்துக்கு ஒரு பைட்டு என்னும் கணக்கு அன்று ஊன்றியது. இன்றைய முனைய மென்பொருள்களும் அடிப்படையில் அக்கட்டமைப்பையே பின்பற்றுகின்றன.

முதல் உலகத் தமிழ் மாநாடு 1966இல் கோலாலம்பூரில் கூடியது. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் தலைவராயிருந்த தனிநாயக அடிகளார் அதற்கு உந்துவிசையாக விளங்கினார். தமிழாய்வு உலகளாவிய அமைப்பைப் பெற்ற அதே பத்தாண்டில், கணினியின் எழுத்துலகம் 128 இடங்களுக்குள் அடைக்கப்பட்டுவிட்டது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகள் கொண்ட நெடுங்கணக்கு அதனுள் அடங்காது. உயிர்மெய்களைப் பிரித்து எழுத்தும் குறியுமாகக் கொண்டாலும், ஆங்கிலத்தை வெளியேற்றாமல் தமிழுக்கு இடமில்லை.

எட்டாவது பிட்டைப் பயன்படுத்துவதே இதற்கான வழி. 128க்குக் கீழே ஆங்கிலம், மேலே தமிழ் என்று வைத்துக்கொண்டால் இரண்டும் ஒரே கம்பியில் செல்லலாம். கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் வேர்கொண்டு, புணேயிலுள்ள சி-டாக் நிறுவனத்தில் வளர்ந்த ஜிஸ்ட் தொழில்நுட்பம் இவ்வழியில் சென்றது. அது இந்திய எழுத்துகளைக் காட்டவல்ல முனையங்களையே உருவாக்கியது. அதன் குறிமுறையான இஸ்கி, 1991இல் இந்தியத் தர நிறுவனத்தின் ஏற்பைப் பெற்றது. கணினி எங்கோ இருக்க, எழுத்தை வரையும் பொறுப்பை முனையம் ஏற்றது. நமது ஆய்வுக்கு இப்பொறுப்புப் பங்கீடு இன்றியமையாதது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் 16 ஆண்டுகள்

1985ஆம் ஆண்டு இவ்வட்டாரத்தின் கணினி வரலாற்றில் இருவகையில் குறிப்பிடத்தக்கது. மலேசிய நுண்மின்னணுவியல் ஆய்வுக்கான மிமோஸ் அமைப்பு அவ்வாண்டில் தோன்றியது. கேரித் தீவில் பிறந்த முத்து நெடுமாறன் ‘முரசு’ தமிழ் மென்பொருளின் பணியைத் தொடங்கியதும் அவ்வாண்டிலேயே. மிமோஸின் முயற்சியால் 1980களின் பிற்பகுதியில் ரங்கோம் என்னும் கணினி வலையமும், 1992இல் ஜாரிங் இணையச் சேவையும் எழுந்தன.

அக்கால இணைப்பின் அமைப்பை இன்றைய மாணவர்கள் அறிந்திரார். வீட்டுக் கணினியின் பின்புறத்துத் தொடர் துறையில் மோடம் பொருத்தப்படும். மோடம் தொலைபேசிக் கம்பியில் சேரும். கணினியில் ஓடும் ஒரு மென்பொருள் விடி100 முனையமாக நடிக்கும். மறுமுனையிலுள்ள பெருங்கணினி, தன்னோடு பேசுவது உண்மையான முனையமா அதைப் போலச்செய்யும் மென்பொருளா என்று அறியாது; அறிய வேண்டியதும் இல்லை. உடன்பாட்டின்படி பைட்டுகள் வந்தால் போதும். போலச்செய்தல் முதலில் நிகழ்ந்தது முனையத்தின் பக்கத்தில்தான். துறையின் பக்கத்திற்கு அது பின்னர் வந்தது.

தொடர்வழியில் ஒவ்வொரு பைட்டும் தொடக்கக் குறியோடு கிளம்பி, சிறிய மதிப்புள்ள பிட்டை முதலிலும் பெரிய மதிப்புள்ள பிட்டை இறுதியிலும் அனுப்பி, நிறுத்தக் குறியோடு முடியும். எட்டாவது பிட்டு கடைசியாகச் செல்லும். பல இணைப்புகள் ஏழு பிட்டுகளையே தரவாகக் கொண்டு, எட்டாம் இடத்தைப் பிழை காணும் சரிபார்ப்புக்கு ஒதுக்கின. 1982இல் வரையறுக்கப்பட்ட மின்னஞ்சல் நெறியும் ஏழு பிட்டுகளையே கடத்தியது. தமிழைத் தமிழென்று காட்டும் அடையாளம் அந்தக் கடைசிப் பிட்டில் இருந்தது. வழியில் எந்தக் கருவியும் அதைக் கத்தரித்துவிடலாம். இணையத்தின் தொடக்கக் காலத்தில் தமிழர்கள் உரோமன் எழுத்தில் தமிழ் எழுதியதற்கு இது முதன்மையான காரணம். தந்திக் காலத்து நிலை புதிய உருவில் திரும்பியிருந்தது.

1990களில் மின்னஞ்சலை நோக்கி முரசு ‘அஞ்சல்’ உருவெடுத்தது. எட்டுப் பிட்டுக் குறிமுறைகள் பல தோன்றின; ஒருவர் அனுப்பியதை மற்றவர் படிக்க அதே எழுத்துரு தேவைப்பட்டது. உலகெங்கும் பரவியிருந்த தமிழ்க் கணிமை ஆர்வலர்கள் கலந்தாய்ந்து ‘திஸ்கி’ என்னும் தமிழ்த் தகுதரத்தை வகுத்தனர். 1999இல் சென்னை மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டு அரசு தாம், தாப் என்னும் தரங்களை ஏற்றது. 2000இல் உத்தமம் அமைப்புத் தோன்றியது. 2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. 2013இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் அம்மாநாடு மீண்டும் கூடியது.

மொழியியல் நோக்கில் திஸ்கிக்கும் யூனிகோடுக்கும் இடையே ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. ‘கொ’ என்பதைத் திஸ்கி எழுதும் வரிசையில் வைக்கும்: ஒற்றைக் கொம்பு, ககரம், கால். இஸ்கியின் வழிவந்த யூனிகோடு அதை ஒலிக்கும் வரிசையில் வைக்கும்: ககரம், அதன்பின் ஒகரக் குறி. முன்னது கண்ணுக்குரிய தொடர். பின்னது செவிக்குரிய தொடர். கட்டங்களால் ஆன முனையத்திற்கு முன்னது எளிது. ஒரு பைட்டுக்கு ஒரு வடிவத்தை வரிசையாக வரைந்துகொண்டே போகலாம். அகர வரிசைப்படுத்தவும் தேடவும் மொழியை ஆராயவும் பின்னதே ஏற்றது. உலகம் பின்னதைத் தேர்ந்தது. தமிழ் 1991இலேயே யூனிகோடின் முதற்பதிப்பில் இடம்பெற்றுவிட்டது. 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்த யுடிஎஃப்-8 முறை, அந்த எண்களைப் பைட்டுகளாக்கித் தொடர்வழியில் அனுப்ப வகைசெய்தது.

மெய்நிகர்த் துறையும் அதனோடு முனையத்தை இணைத்தலும்

இன்றைய மடிக்கணினிகளில் தொடர் துறையின் உலோக வாயில் பெரும்பாலும் இல்லை. எனினும் துறை மறைந்துவிடவில்லை, மென்பொருளாகத் தொடர்கிறது. ஒரு கணினிக்குள் மற்றொரு கணினியைப் போலச்செய்யும் கியூஇஎம்யூ, வர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருள்கள், 16550 என்னும் பழைய தொடர்துறைச் சில்லின் நடத்தையை அப்படியே நடித்துக் காட்டுகின்றன. உள்ளிருக்கும் இயங்குதளம் உண்மையான சில்லோடு பேசுவதாகவே கருதி இயங்கும். வெளியே அத்துறையின் மறுமுனை ஒரு குழாயாகவோ வலையிணைப்பாகவோ திறந்திருக்கும்.

முனையத்தை அதனோடு இணைப்பதற்கு மூன்று செயல்கள் வேண்டும். முதலாவது, மெய்நிகர்க் கணினியின் அமைப்பில் தொடர் துறையை இயக்கி, அதன் மறுமுனை எங்கே திறக்க வேண்டும் என்று குறிப்பது. இரண்டாவது, உள்ளிருக்கும் இயங்குதளம் தன் செய்திகளை அத்துறைக்கு அனுப்புமாறும், அங்கிருந்து வரும் தட்டலை ஏற்குமாறும் சொல்வது. லினக்ஸில் முதல் தொடர் துறையின் பெயர் டிடிஒய்எஸ்0. மூன்றாவது, வெளியே புட்டி, மினிகாம் போன்ற முனைய மென்பொருளை அக்குழாயோடு அல்லது வலையிணைப்போடு பொருத்துவது. திரையில்லாத சேவையகத்தில் வலையிணைப்பு அறுந்தபோதும் உள்ளே நுழைய இவ்வாயில் உதவுகிறது. இதனாலேயே இப்பழைய நுட்பம் உயிரோடு இருக்கிறது.

தமிழுக்கு இதில் ஒரு நன்மை உண்டு. லினக்ஸின் சொந்த உரைத்திரை 512 வடிவங்களுக்கு மேல் ஏற்காது. குறிகளை எழுத்தோடு பொருத்தி வரையவும் அறியாது. அதே இயங்குதளத்தைத் தொடர் துறை வழியாக அணுகினால், எழுத்தை வரையும் பொறுப்பு வெளியிலுள்ள முனையத்திற்கு வந்துவிடும். முனையம் தமிழ் அறிந்ததாயின் தமிழ் தோன்றும். ஜிஸ்ட் முனையத்தில் கண்ட அதே பொறுப்புப் பங்கீடு இது.

ஆயினும் பழைய உடன்பாடுகளும் துறையோடு சேர்ந்தே வந்துள்ளன. மெய்நிகர்த் துறையில் வேகம் பெரும்பாலும் பெயரளவுக்கே. வழியில் ஏழு பிட்டா எட்டுப் பிட்டா என்பது பெயரளவுக்கன்று. யுடிஎஃப்-8 முறையில் ‘க’ என்பது 224, 174, 149 என்னும் மூன்று பைட்டுகள். எட்டாவது பிட்டு வெட்டப்பட்டால் ஒவ்வொன்றிலும் 128 குறையும்: 96, 46, 21. முதல் இரண்டும் ஆங்கிலத்தின் நிறுத்தக் குறிகள். மூன்றாவது, யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் வழக்கமாக ‘இதுவரை தட்டிய வரியை முழுதும் அழி’ என்னும் கட்டளை. புள்ளியின் பைட்டுகள் 224, 175, 141. அவை 96, 47, 13 ஆகிவிடும். 13 என்பது வரியை முடிக்கும் விசை. ஏழு பிட்டாகச் சுருங்கிய வழியில் ககரத்தைத் தட்டினால் எழுதியது அழியும். புள்ளி வைத்தால் எழுதியது முடிவதற்கு முன்பே அனுப்பப்பட்டுவிடும். இது தமிழின் குறையால் நேர்வதன்று. 1963இன் உடன்பாடு 1992இன் உடன்பாட்டோடு மோதுவதால் நேர்வது.

இவ்வகையில் கவனிக்க வேண்டிய இடங்கள் சில. துறையின் அமைப்பில் 8 தரவுப் பிட்டுகள், சரிபார்ப்புப் பிட்டு இல்லை, 1 நிறுத்தப் பிட்டு என்றிருக்க வேண்டும். 1983இல் வரையறுக்கப்பட்ட டெல்நெட் நெறி இயல்பாக ஏழு பிட்டு உரையைக் கருதியது; எட்டும் செல்ல இருமுறை என்னும் தேர்வு உண்டு. பழைய பிடிபி-11 போன்ற கணினிகளைப் போலச்செய்யும் சிம்எச் மென்பொருளில் முனைய வழிக்கு 7 பிட்டு, 8 பிட்டு என்னும் தேர்வுகளே தனியாக உள்ளன. லினக்ஸில் ஐயுடிஎஃப்8 என்னும் அமைப்பு இயங்காத துறையில், வரியுள்ளீட்டின்போது பின்னழி விசை ஒரு பைட்டை மட்டுமே அழிக்கும். முப்பைட்டு எழுத்தின் மீதி இரண்டும் கண்ணுக்குத் தெரியாமல் வரியில் தங்கிவிடும்.

கட்டமும் மாத்திரையும்

வழி முழுவதும் எட்டுப் பிட்டானபின் எஞ்சுவது முனையத்தின் கட்டக் கணக்கு. எந்த எழுத்து எத்தனை கட்டம் கொள்ளும் என்பதைக் கணிக்கப் பல முனையங்கள் பின்பற்றிய அட்டவணை, யூனிகோடு எழுத்துகளுக்குத் தந்துள்ள பண்புகளிலிருந்து பிறந்தது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மார்க்கஸ் குன் எழுதிய சிறு நிரல் அவற்றுள் புகழ்பெற்றது. யூனிகோடு, தமிழ்க் குறிகளுள் புள்ளியையும் ஈகாரக் குறியையும் இடம் கொள்ளாதவையாகவும், இகரம் உள்ளிட்ட பிற உயிர்மெய்க் குறிகளை இடம் கொள்பவையாகவும் வகுத்துள்ளது. இதன் விளைவைப் பாருங்கள்: இவ்வட்டவணையின்படி ‘கி’ இரண்டு கட்டம், ‘கீ’ ஒரு கட்டம். க், க, கீ ஆகிய மூன்றுக்கும் ஒவ்வொரு கட்டம். கா முதல் கௌ வரையிலான எஞ்சிய பத்துக்கும் இரண்டிரண்டு கட்டம்.

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று கற்பிக்கும் ஆசிரியர்க்கு இந்தத் தலைகீழ்க் கணக்கு வியப்பளிக்கும். மாத்திரை ஒலியின் அளவு. கட்டம் வடிவத்தின் அளவு. இரண்டும் ஒத்திருக்க வேண்டும் என்று நாம் வாதிடவில்லை. வடிவத்தின் அளவாகவே பார்த்தாலும் ‘கி’யும் ‘கீ’யும் அச்சில் ஏறத்தாழ ஒரே அகலம் உடையவை. ஒன்றுக்கு இரண்டும் மற்றொன்றுக்கு ஒன்றுமாகக் கட்டம் ஒதுக்குவதற்கு எழுத்தியலில் காரணமில்லை. ‘கு’ ஒரே வடிவாக இணைந்து நிற்க, அதற்கு இரண்டு கட்டம் ஒதுக்கப்படும்போது இடையே வெற்றிடம் விழுகிறது அல்லது குறி பிரிந்து தோன்றுகிறது. மாணவர் காணும் சிதைவு இங்கே பிறக்கிறது.

முத்தையாவின் நகரா விசைக்கு இப்போது மீள்வோம். இகரத்தையும் ஈகாரத்தையும் புள்ளியையும் ஒரே வகையில் வைத்து, மூன்றுக்கும் தாள்தாங்கியை நகர்த்தாமல் நிறுத்தியது அப்பொறி. வடிவத்தின் இயல்பைத் தமிழறிந்த ஒருவர் பார்த்துப் பார்த்து வகுத்த கணக்கு அது. முனையத்தின் அட்டவணையோ பல்வேறு எழுத்துகளுக்கும் பொதுவாகப் போடப்பட்ட கணக்கு. அட்டவணையைத் திருத்தலாம், அண்மைக் காலத்தில் சில மென்பொருள்கள் இத்தகைய குறிகளை எழுத்தோடு சேர்த்தே கணக்கிடத் தொடங்கியுள்ளன. தமிழர்கள் சான்று காட்டிக் கேட்கும் இடத்தில் திருத்தம் விரைவாக வரும்.

வகுப்பறைக்கு ஒரு பணி

மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. கணினி அறியாத தலைமுறை இனி அவற்றில் இல்லை. இலக்கண ஆசிரியரும் கணினி ஆசிரியரும் ஒரு மணி நேரம் சேர்ந்து செய்யத்தக்க ஓர் ஆய்வை முன்வைக்கிறோம். இலவசமாகக் கிடைக்கும் மெய்நிகர்க் கணினி மென்பொருள் ஒன்றில் லினக்ஸை நிறுவி, அதன் தொடர் துறையோடு ஒரு முனையத்தை இணைக்கட்டும். ககர வரிசையின் 13 எழுத்துகளையும் (மெய் 1, உயிர்மெய் 12) மாணவர்கள் தட்டி, ஒவ்வொன்றும் எத்தனை கட்டம் கொண்டது, பின்னழி விசை எதை அழித்தது என்று மூன்று பத்தியில் எழுதட்டும். வேறொரு முனையத்தில் அதையே மீண்டும் செய்யட்டும். துறையும் பைட்டுகளும் மாறாதிருக்க, முனையம் மாறும்போது முடிவு மாறுவதை அவர்கள் காண்பார்கள்.

பிழை கம்பியிலும் இல்லை, எழுத்திலும் இல்லை, முனையத்தின் கணக்கில் இருக்கிறது என்பதை அப்பட்டியலே அவர்களுக்கு மெய்ப்பிக்கும். முனைய மென்பொருள்கள் பலவற்றின் மூலநிரல் திறந்தே இருப்பதால், பட்டியலை அவற்றை உருவாக்குவோர்க்கு அனுப்பவும் இயலும். கிள்ளான் பள்ளத்தாக்கிலிருந்து தமிழ்க் கணிமைக்குக் கிடைத்த பங்களிப்பு 1985இல் ஒருவருடைய மேசையில் தொடங்கியது. அடுத்தது ஒரு வகுப்பறையின் பட்டியலிலிருந்து தொடங்கட்டும்.